நாய்க்கு ஷூ மாட்டும் முன்

கத்திரி வெயில் பிறந்துவிட்டால் சென்னையின் தார்ச்சாலையில் பகல் பதினொரு மணிக்குச் செருப்பில்லாமல் நாலடி வைக்க நம்மால் முடியாது. அதே சாலையில் நாயை வெறுங்காலோடு கூட்டிப்போகிறவர்களை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். நாயின் உள்ளங்கால் தடித்தது என்பது உண்மைதான். ஆனாலும் அது தோல். 60 டிகிரி செல்சியஸ் சூடு சுமார் 5 விநாடியில் மனிதத் தோலை வேகவைத்துவிடும். நாயின் பாதம் அதைவிடச் சற்றுத் தாங்கும், அவ்வளவுதான். புறங்கையைச் சாலையில் வைத்துப் பாருங்கள். ஏழு விநாடி தாங்க முடியவில்லை என்றால் நாய்க்கும் அது நடக்கிற தரை இல்லை.

அதனால்தான் நாய் ஷூ இப்போது நன்றாக விற்கிறது. நல்லதுதான். ஆனால் ஷூ மாட்டிவிட்டோம் என்ற தைரியத்தில் உச்சிவெயிலில் நாயை வெளியே இழுத்துப்போவது ஆபத்து. நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. வியர்வை என்று அதற்குச் சொல்லும்படி இருப்பது பாதத்தில் மட்டும்தான், அதையும் ஷூ மூடிவிடுகிறது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைப்பதே பாடு. நடை என்றால் விடியற்காலையில், இல்லாவிட்டால் தரை ஆறிய இரவில். வெயிலில் மருத்துவரிடம் போகவேண்டிய கட்டாயம், பாதத்தில் காயம், கண்ணாடிச் சில்லும் கருங்கல் ஜல்லியும் கிடக்கிற தெரு: ஷூ இதற்கெல்லாம்தான்.

நாய்க்கு ஷூ என்பது நகரத்து ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் அலாஸ்காவைப் பார்க்கவேண்டும். ஆங்கரேஜ் பகுதியிலிருந்து நோம் வரை ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் ஓடும் இடிடராட் சறுக்குவண்டிப் பந்தயம் 1973 முதல் நடக்கிறது. வண்டியோட்டி ஒவ்வொரு நாய்க்கும் 8 காலுறை வைத்திருக்கவேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. மெல்லிய நைலான் துணிப் பை, மேலே ஒரு வெல்க்ரோ பட்டை, அவ்வளவுதான் அந்தக் காலுறை. விரலிடுக்கில் பனி உருண்டு கட்டியாகிக் கிழிக்காமல் அது காக்கிறது. ஓய்வுக்கு நிறுத்தும் இடத்தில் வண்டியோட்டிகள் செய்கிற முதல் வேலைகளில் ஒன்று, அந்தக் காலுறைகளைக் கழற்றுவது. கடுங்குளிரிலேயே கழற்றுகிறார்கள் என்றால், நம் ஊர்ப் புழுக்கத்தில் மணிக்கணக்கில் மாட்டிவைக்க நியாயமே இல்லை.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டைவிடுகிறார்கள். நாய் படுத்திருக்கும்போது பாதத்தை அளந்தால் அளவு சின்னதாக வரும். நகத்தை வெட்டிவிட்டு, நாயை ஒரு தாளின்மேல் நிற்கவைத்து, அளக்காத முன்னங்காலை மெல்லத் தூக்கிப்பிடியுங்கள். பாரம் முழுதும் இறங்கி விரல்கள் விரியும். அப்போது பாதத்தின் இரு பக்கமும் கோடு போட்டால் அகலம் சரியாக வரும். நகநுனியிலிருந்து குதிப்பகுதி வரை நீளம். பின்னங்கால் பாதம் பெரும்பாலும் ஒடுங்கியிருக்கும். அதைத் தனியாக அளக்கவேண்டும், நாலுக்கும் ஒரே அளவு வாங்கக்கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குக் காலே மெலிந்தது. லாப்ரடாருக்குப் பொருந்துவது இவற்றுக்குக் கழன்று விழும். பட்டை, பாதத்துக்குச் சற்று மேலே கால் ஒடுங்குமிடத்தில் உட்காரவேண்டும், ஒரு விரல் நுழையும் இடைவெளியோடு. முன்னங்காலின் உட்புறத்தில் தரையைத் தொடாமல் ஒரு நகம் இருக்கும். பட்டை அதில் உரசினால் அந்த ஷூ வேண்டாம்.

பழக்குவதற்கு அவசரமே ஆகாது. முதலில் ஷூவே இல்லாமல் பாதத்தைத் தொட்டு, விரலிடுக்கை நீவி, ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். தொட்டால் காலை இழுத்துக்கொள்கிற நாய்க்கு இதற்கே பல நாள் ஆகும், ஆகட்டும். பிறகு ஷூவைத் தரையில் போட்டு மோந்து பார்க்க விடுங்கள். அடுத்து ஒரே ஒரு காலில் மாட்டி, தீனி கொடுத்து, அது கடித்து இழுக்கும் முன்பே கழற்றிவிடுங்கள். அது நிம்மதியாக நின்றால்தான் இரண்டாவது கால். நாலு காலிலும் மாட்டும் முதல் நாளில், சேற்றில் நடக்கும் கொக்குபோல் காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்கும். தரை தெரியாமல் போனதால் அது தேடுகிறது. அதைப் படம்பிடித்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அது வேதனை. அந்த நேரத்தில் நாய்க்குத் தேவை, பழகிய குரலும் பிடித்த பந்தும்தான். பந்தை உருட்டினால் கவனம் பாதத்தைவிட்டுப் போய்விடும், நடை தானாக இயல்பாகும். முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் போதும். விறைத்து நின்றாலோ நடுங்கினாலோ உடனே கழற்றி, முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

வெளியே போய்வந்ததும் ஷூவைக் கழற்றி ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். மணல் இருந்தால் கழுவி ஈரம் போகத் துடைக்கவேண்டும். பட்டை இருந்த இடத்தில் முடி கலைந்து சிவந்திருந்தாலோ, நாய் அங்கேயே நக்கிக்கொண்டிருந்தாலோ, தோல் ஆறும்வரை ஷூ வேண்டாம். ஆறியபின் மறுபடி அளவெடுங்கள்.