துருப்பிடித்த சேஸை ஷோரூம் மாற்றித் தருமா?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலுக்குக் கடற்காற்று வருவதில்லை. சாலை வழியே போனால் கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். ஆனால் உப்பு வருகிறது. மரக்காணம் உப்பளத்து மூட்டை, கடலோரத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் மீன், கழனிக்குப் போகும் பொட்டாஷ், யூரியா, தொழுவுரம் என்று ஒரு பிக்கப் சுமக்கும் சரக்கில் பலவும் இரும்புக்குப் பகை. சில ஆண்டுகள் கழித்து எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் கழுவித் தூக்கிப் பார்க்கும்போது சேஸில் ஓட்டை தெரிகிறது. உடனே பட்டறைக்குப் போய் ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, கறுப்புப் பெயின்ட் பூசி ஓட்டத் தொடங்கிவிடுகிறோம். வண்டியை விற்ற ஷோரூமில் போய்க் கேட்கலாம் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. கேட்கலாம். ஆனால் அந்த வெல்டிங்குக்கு முன்னால் கேட்க வேண்டும்.

பிக்கப்பில் இன்ஜின், கேபின், பின்தொட்டி, அச்சு எல்லாம் சேஸின் மேல்தான் நிற்கின்றன. முன்னிருந்து பின்வரை இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான் சேஸ். நீளச் சட்டம் சில வண்டிகளில் ஒரு பக்கம் திறந்திருக்கும். சிலவற்றில் நான்கு பக்கமும் மூடிய பெட்டியாக இருக்கும். பெட்டி வடிவம் முறுக்கைத் தாங்கும்; ஆனால் அதன் துளைகள் வழியே உள்ளே போன சேறும் உப்புத் தண்ணீரும் எளிதில் வெளியே வராது. தொழிற்சாலையில் உள்பக்கத்துக்குப் பூச்சு சரியாகப் போகவில்லை என்றால், துரு உள்ளேயிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். வெளிப்பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே தகடு மெலிந்துவிடும். எல்லாத் துருவும் ஒன்றல்ல என்பதை இங்கேதான் கவனிக்க வேண்டும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போகும் மேல்துருவை எந்த நிறுவனமும் தன் பொறுப்பாக ஏற்காது. தகட்டைத் துளைத்த துருவைப் பற்றித்தான் பேச முடியும்.

அப்படிப் பேசி வென்றவர்கள் அமெரிக்காவின் டொயோட்டா டகோமா பிக்கப் உரிமையாளர்கள். அங்கே பனிக்காலத்தில் சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுவார்கள். அது சேஸில் ஏறும். ஆனால் அதே சாலையில் ஓடிய எல்லா வண்டியும் அப்படி அரிக்கவில்லையே என்று உரிமையாளர்கள் கேட்டார்கள். 1995 முதல் 2000 வரை வந்த டகோமாக்களில் சில சேஸ்களுக்குத் துருத்தடுப்புப் பூச்சு போதவில்லை என்று 2008-ல் டொயோட்டாவே ஒப்புக்கொண்டது. அந்த வண்டிகளின் சேஸுக்குத் துரு உத்தரவாதத்தை 15 ஆண்டுகளாக நீட்டியது. மிக மோசமாக அரித்த வண்டிகளைச் சந்தை மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. சேஸ் செய்து கொடுத்த டானா நிறுவனம் 2011-ல் டொயோட்டாவுக்கு 2.5 கோடி டாலர் கொடுத்துத் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

விவகாரம் அதோடு முடியவில்லை. அடுத்து வந்த மாடல்களிலும் அதே புகார் எழுந்து வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. 2016 நவம்பரில் டொயோட்டா சமரசத்துக்கு வந்தது. டகோமா, டண்ட்ரா, செக்கோயா என்று ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள். அதிகபட்ச மதிப்பு 340 கோடி டாலர். தவறு தன்னுடையது என்று நிறுவனம் ஏற்கவில்லை. ஆனாலும் முதல் விற்பனையிலிருந்து 12 ஆண்டுகள் வரை, வண்டியைக் கொண்டுவந்தால் டீலரே சோதிக்க வேண்டும். துரு தகட்டைத் துளைத்திருந்தால் புது சேஸ் இலவசம். ஓடிய கிலோமீட்டருக்குக் கணக்கில்லை. பத்துப் பதினொரு வயதான வண்டியின் கேபினைத் தூக்கி, இன்ஜினை இறக்கி, எல்லாவற்றையும் புதுச் சட்டத்தில் ஏற்றிக் கொடுத்தார்கள். ஒரே மாடலில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி ஓட்டை விழுந்திருப்பதைப் பல உரிமையாளர்கள் சேர்ந்து காட்டியதுதான் இதைச் சாதித்தது. தனி ஒருவரிடம், ‘நீங்கள் ஏற்றிய சரக்கால் வந்தது’ என்று சொல்லிவிடலாம். பல்லாயிரம் பேரிடம் அதைச் சொல்ல முடியாது.

நம் நாட்டில் சேஸ் துருவுக்கென்று தனிச் சட்டம் இல்லை. இருக்கும் சட்டம் போதுமான அளவுக்கு உதவும், ஆனால் வழி தெரிந்து போக வேண்டும். உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் முதல் வேலை, ஷோரூமில் வண்டியைக் காட்டிப் புகாரை ஜாப் கார்டில் எழுத வைப்பது. வாய்வார்த்தையாக ‘பார்த்துக்கலாம் சார்’ என்று அனுப்பினால் அது ஆதாரம் ஆகாது. அவர்கள் மறுத்தாலோ காலம் கடந்திருந்தாலோ, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளில் குறைபாடு என்று மெய்ப்பித்தால் குறையை நீக்கித் தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ நுகர்வோர் ஆணையம் உத்தரவிடலாம். இதே சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை நம்பி சேஸ் கேட்க வேண்டாம். சேஸ் முறிந்து ஓட்டுநருக்கோ எதிரே வந்தவருக்கோ காயம் பட்டால் அது பயன்படும். பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அதில் சேராது.

பிக்கப் உரிமையாளர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. வணிகத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியிலேயே எழுதுவார். இதற்கான பதில் கோயம்புத்தூர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் கிடைக்கிறது. பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தோற்றுப்போன வழக்கு அது. ஆனால் 1995-ல் அந்தத் தீர்ப்பை எழுதும்போது உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தானே ஓட்ட ஆட்டோவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர்தான் என்று தெளிவுபடுத்தியது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. நாலு வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். தானே ஓட்டுபவர் தன் ஓட்டுநர் உரிமத்தையும், கடன் தவணைக் கணக்கையும், வாடகைச் சீட்டுகளையும் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

வண்டியை வேலூரிலோ சென்னையிலோ வாங்கியிருந்தாலும் வழக்குக்காக அங்கே அலைய வேண்டியதில்லை. வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தால் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் ஒரு பதிலாவது வர வாய்ப்புண்டு. வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் சேஸை மாற்றித் தரச் சொல்லும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் உண்டு.

வழக்கைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவின்படி, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உற்பத்தியாளருக்கு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். குறிப்பிட்ட அளவு உரிமையாளர்கள் புகார் செய்தால் இது நகரும். ஒரே மாடல் வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டில் பேசிக்கொள்வதோடு நிறுத்தாமல் ஆளுக்கொரு புகார் பதிய வேண்டியது இதனால்தான்.

இனி ஆதாரம். வண்டியைத் தூக்கி, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம், டீசல் டேங்கின் பின்புறம் ஆகிய இடங்களைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று சத்தம் போடும், செதில் உதிரும். ஓட்டையின் பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். சேஸ் எண்ணும் கிலோமீட்டரும் தெரியும்படி வேறு படங்களும் வேண்டும். ஆணையம் வண்டியை நிபுணர் சோதனைக்கு அனுப்பலாம். அதற்குள் பட்டறையில் தகடு வைத்து அடைத்திருந்தால், ஓட்டை உள்ளேயிருந்து வந்ததா, வெளியேயிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கே அந்த ஓட்டைதான். சேஸ் சரியாகும்வரை அந்த வண்டியில் பாரம் ஏற்றவும் வேண்டாம்.

ஷோரூம் ஒப்புக்கொண்டால், துருவேறி இறுகிய போல்ட்டுகள், பிரேக் பைப், புஷ் ஆகியவற்றின் செலவு யாருடையது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள். அடுத்தது சேஸ் எண். வண்டியின் அடையாளமே அந்த எண்தான் என்பதால், திருவண்ணாமலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி பெறாமல் சேஸை மாற்றக் கூடாது. எண் பொருந்தாத வண்டி திருட்டு வண்டியாகத்தான் பார்க்கப்படும். ஷோரூமின் கடிதம், புது சேஸின் பில், கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் ஆகியவற்றோடு வண்டியைக் காட்டி ஆர்.சி.யில் பதிய வைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இவை முடியும்வரை, எண் பொறித்த பழைய சட்டத்தைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டாம்.