சந்தையில் பேரம் பேசலாம்! உடம்போடு பேரம் பேசலாமா?

கிராமத்துக் குடும்பத்துக்கு இரண்டு வகைச் செலவு உண்டு.

ஒன்று, தெரிந்து வரும் செலவு. அரிசி, பருப்பு, துணிமணி, காதுகுத்து, கல்யாணம். இன்னொன்று, சொல்லாமல் வரும் செலவு. அது நோய்ச் செலவு.

முதல் செலவைப் பேரம் பேசிக் குறைக்கலாம். இரண்டாவது செலவையும் ஓரளவு குறைக்கலாம். ஆனால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், பத்தாயிரத்தை இழக்க நேரும். சில நேரம் உயிரையே இழக்க நேரும்.

ஒரு கணவன் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர், திண்டுக்கல் பக்கம். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். ஒரு கறவை மாடு. நாலைந்து ஆடு. அவருக்கு வயது 52. அந்த அம்மாளுக்கு 46. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மகளைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது.

இப்படிப்பட்ட குடும்பம் ஊருக்குப் பத்து இருக்கும். உங்கள் தெருவிலேயே இருக்கும்.

விடியும் முன்னே

கோழி கூவும் முன்பே அந்த அம்மாள் எழுந்துவிடுவாள். வாசல் தெளிப்பாள். கோலம் போடுவாள். மாட்டுத் தொழுவத்தைக் கூட்டுவாள். பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவாள். பிறகுதான் அடுப்பு.

அவர் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போவார். நிலக்கடலை, சோளம், முருங்கை என்று பருவத்துக்கு ஒரு வேலை. உர மூட்டை தூக்க வேண்டும். கடலை மூட்டை தூக்க வேண்டும். தீவனக் கட்டு சுமக்க வேண்டும். ஐம்பது கிலோ மூட்டை அவருக்குப் பெரிய சுமை அல்ல. இருபது வயதிலிருந்து தூக்கிப் பழகிய தோள்.

வியாழக்கிழமைச் சந்தை

வாரத்தில் ஒரு நாள் மட்டும் இருவரும் சேர்ந்து வெளியே போவார்கள். அது சந்தை நாள்.

அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை கூடும். ஆட்டுக்கும் கோழிக்கும் பேர் போன சந்தை. தீபாவளி வந்தால் கால் வைக்க இடம் இருக்காது.

பேரம் பேசுவதில் அந்த அம்மாள் கெட்டிக்காரி. போனதும் வாங்க மாட்டாள். முதலில் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வருவாள். நாலு கடையில் விலை கேட்பாள். பிறகு ஒரு கடையில் நிற்பாள்.

"முறம் என்ன விலை?"

"இருநூறு ரூபாய் அக்கா."

"நூற்றிருபதுக்குக் கொடு."

"கட்டாது அக்கா."

அவள் நடந்துவிடுவாள். பத்தடி போவதற்குள், "வா அக்கா, நூற்றைம்பது கொடு" என்று குரல் வரும். இது தெரிந்துதான் அவள் நடந்தாள்!

தக்காளி வாங்குவது என்றால், சந்தை கலையும் நேரத்துக்குப் போவாள். மிஞ்சிய காயைத் திரும்பச் சுமந்து போக வியாபாரி விரும்ப மாட்டார். அப்போது விலை இறங்கும்.

அவருடைய பேரம் வேறு மாதிரி. அது மாட்டுச் சந்தைப் பேரம். மணப்பாறை போன்ற சந்தைகளில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. தரகர் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார். துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் பேசாது. விரல் பேசும். பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது.

பேரம் பேசத் தெரியாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அது உழவர் சந்தை. 1999-ஆம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அங்கே விலையைப் பலகையில் எழுதி வைப்பார்கள். விளைவித்தவரே விற்பார். நடுவில் தரகர் இல்லை.

இப்படிப் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று மிச்சம் பிடித்துத்தான் அந்தக் குடும்பம் நடக்கிறது.

மறைத்து வைத்த நோய்

ஒரு நாள் அவருக்குத் தொடை இடுக்கில் ஒரு வீக்கம் தெரிந்தது. நின்றால் வரும். இருமினால் பெரிதாகும். படுத்தால் உள்ளே போய்விடும். வலி அதிகம் இல்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்! மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கினார்.

இதற்குப் பெயர் குடல் இறக்கம். ஆங்கிலத்தில் ஹெர்னியா.

வயிற்றைச் சுற்றிச் சதைச் சுவர் இருக்கிறது. அந்தச் சுவரில் ஓர் இடம் பலம் இழந்தால், உள்ளே இருக்கும் குடலோ கொழுப்போ அந்த வழியாகப் பிதுங்கும். சைக்கிள் டயர் தேய்ந்த இடத்தில் டியூப் பிதுங்குகிறது அல்லவா? அது போலத்தான்.

பாரம் தூக்குவது, தீராத இருமல், மலச்சிக்கலால் முக்குவது, இவையெல்லாம் அதைப் பெரிதாக்கும். பீடி குடிப்பவருக்கு இருமல் போகாது. அதனால் ஆபத்து அதிகம்.

இது ஆண்களுக்கு அதிகமாக வரும் நோய். நாலு ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொடை இடுக்கில் குடல் இறக்கம் வரலாம் என்பது மருத்துவர்களின் கணக்கு. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பெரியவர்களுக்கு வந்த குடல் இறக்கம் மருந்தால் மறையாது. பச்சிலைக் கட்டால் மறையாது. பெல்ட் போட்டால் தற்காலிகமாகத் தாங்கும், அவ்வளவுதான். தையல் போட்டுச் சரிசெய்ய ஆபரேஷன் வேண்டும்.

ஓடவேண்டிய நேரம்

ஒன்றை மட்டும் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

வெளியே வந்த வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியாக நின்றுவிட்டதா? கடுமையான வலியா? வாந்தியா? வயிறு உப்பி, மலமும் காற்றும் போகவில்லையா? அப்படியானால் குடல் மாட்டிக்கொண்டது என்று பொருள். குடலுக்கு ரத்தம் ஓடாது. சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும்.

அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீக்கத்தை அழுத்தித் தள்ளக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் இந்த ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் இல்லை.

நம்மவருக்கு அந்த அளவு போகவில்லை. குளித்துவிட்டுத் துண்டு மாற்றும்போது அந்த அம்மாள் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இது எத்தனை நாளாக?"

"ஆறு மாதம் இருக்கும்."

மறுநாள் காலை இருவரும் அரசு ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

கொசுவலை செய்த புதுமை

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள்?

பிதுங்கியதை உள்ளே வைத்துவிட்டு, பலம் இழந்த இடத்தை மூடுகிறார்கள். இத்தாலி நாட்டு டாக்டர் பாசினி என்பவர் 1880-களில் இதற்கு நல்ல தையல் முறையைக் கண்டுபிடித்தார். நூறு ஆண்டு அதுதான் நடந்தது. இப்போது அந்த இடத்தில் மெல்லிய வலை ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போல! சதை அந்த வலையைப் பற்றி வளர்ந்து பலமாகிவிடும்.

கம்பெனிகள் செய்யும் வலை விலை அதிகம். ஏழைக்கு அது எட்டாது.

மராட்டிய மாநிலம் தூலே மாவட்டத்தில் தோண்டாய்ச்சா என்று ஓர் ஊர். அங்கே ஆபரேஷன் செய்துவந்த டாக்டர் டோங்காவ்கர் ஒரு யோசனை செய்தார். கொசுவலைத் துணியும் இந்த வலையும் பார்வைக்கு ஒன்று போல இருக்கின்றன. கொசுவலைத் துணியை நறுக்கி, கிருமி நீக்கி, அதையே வைத்தால் என்ன?

வைத்துப் பார்த்தார். மற்ற டாக்டர்களும் சேர்ந்து செய்தார்கள். பலன் நன்றாக இருந்தது. 2003-ல் மருத்துவ ஏட்டில் அதை எழுதினார்கள்.

பிறகு ஆப்பிரிக்காவில் உள்ள உகாண்டா நாட்டில் பெரிய சோதனை நடந்தது. 302 ஆண்கள். பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி. பாதிப் பேருக்குக் கம்பெனி வலை. முன்னதன் விலை சுமார் 1 டாலர். பின்னதன் விலை சுமார் 125 டாலர். ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன்தான்! 2016-ல் இந்த முடிவு வெளிவந்தது.

உலகத்திலேயே நல்ல பேரம் இதுதான். விலை குறைந்தது. தரம் குறையவில்லை.

(வீட்டுக் கொசுவலையை அப்படியே வைப்பதில்லை. முறைப்படி கிருமி நீக்கி டாக்டர்தான் வைக்க வேண்டும்.)

டாக்டரோடு பேரம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குப் போகும் நாள் டாக்டர் சொன்னார்:

"நடக்கலாம். படுத்தே கிடக்க வேண்டாம். ஆனால் ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது. உங்கள் வேலை கடுமையான வேலை. மூட்டை தூக்கும் முன்பு என்னிடம் வந்து காட்டுங்கள்."

அவருக்குச் சந்தைப் புத்தி வந்துவிட்டது.

"ஆறு வாரமா ஐயா? கடலை பறிக்கும் நேரம். மூன்று வாரம் என்று சொல்லுங்கள்."

டாக்டர் சிரித்தார். "நான் விலை சொல்லவில்லை. உங்கள் சதை ஒட்டுவதற்கு ஆகும் நாளைச் சொன்னேன்."

இதுதான் விஷயம். வியாபாரி சொல்லும் விலையில் லாபம் சேர்ந்திருக்கும். அதனால் குறைக்கலாம். உடம்பு சொல்லும் நாளில் லாபம் எதுவும் இல்லை. அது அடக்க விலை! அதில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது.

குறைத்தால் என்ன ஆகும்? தையல் இற்றுப்போகலாம். குடல் மறுபடி இறங்கலாம். மறுபடி ஆபரேஷன் என்றால் அது முதல் ஆபரேஷனைவிடக் கடினம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்க வேண்டும். நடந்தால் காலில் ரத்தம் கட்டாது.

இருமல் வந்தால், காயத்தின் மேல் கையை அல்லது சிறு தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இரும வேண்டும். பீடி கூடாது.

முக்கக் கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். கீரை, வாழைப்பழம், காய்கறி சாப்பிட்டால் மலம் இளகும்.

"பருப்புச் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது தவறு. காயம் ஆறப் புரதச் சத்து வேண்டும். பருப்பு, முட்டை, பால், மீன் எல்லாம் நல்லவை. டாக்டர் தடுத்ததை மட்டும் விட்டால் போதும்.

காயத்தில் மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதையும் பூசக் கூடாது. சுத்தமாகவும் ஈரம் இல்லாமலும் இருந்தால் போதும்.

காயம் சிவந்து வீங்கினாலும், சீழ் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எதில் பேரம் பேசலாம்?

மருந்து விலையில் பேசலாம். ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் பல பெயரில் விற்கின்றன. விலை வேறு, மருந்து ஒன்று. "இதே மருந்து விலை குறைவாக இருக்கிறதா?" என்று டாக்டரிடமே கேட்கலாம். மத்திய அரசின் மக்கள் மருந்தகத் திட்டம் 2008-ல் தொடங்கியது. அங்கே மருந்து விலை குறைவு. அரசு ஆஸ்பத்திரியில் தரும் மருந்துக்கு விலையே இல்லை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் வந்தது. அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோக வேண்டும். எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்து நாள் மாத்திரையை இரண்டு நாளில் நிறுத்துவது பேரம் அல்ல. பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கி விழுங்குவதும் சிக்கனம் அல்ல.

அந்த அம்மாளின் கணக்கு

ஆறு வாரமும் அவர் திண்ணையில் இருந்தார். கடலைக் காட்டை யார் பார்த்தது?

அந்த அம்மாள்தான். மாடு, ஆடு, காடு, அடுப்பு எல்லாம் அவள் தலையில். பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூட்டை ஏற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டுக் களையெடுப்புக்கு இவள் போய் அந்தக் கடனை அடைத்தாள். மகன் நாலு நாள் லீவு போட்டு வந்தான்.

ஒரு நாள் இரவு அவர் கேட்டார்:

"உனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததே, அப்போது எத்தனை நாள் சும்மா இருந்தாய்?"

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பத்தாம் நாள் தண்ணீர்க் குடம் எடுத்தேன்."

அவர் பேசவில்லை.

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்தால், அந்தக் காயமும் ஆற ஆறு வாரம் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது. ஆட்டுக்கல் சுற்றக் கூடாது. அவளுக்கும் டாக்டர் அதைச் சொல்லித்தான் அனுப்பியிருப்பார். ஆனால் வீட்டில் யாரும் அந்த நாளை அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆணுக்கு ஒரு சதை, பெண்ணுக்கு ஒரு சதை என்று இல்லை. இருவருக்கும் ஒட்டுவதற்கு ஒரே காலம்தான் ஆகும்.

ஆகவே, வீட்டில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும். தண்ணீர் யார் எடுப்பது? மாடு யார் பார்ப்பது? சமையல் யார்? மகனா, மருமகளா, கணவனா? பேரை வைத்து வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் சொன்ன கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துச் சுவரில் மாட்ட வேண்டும்.

அந்தத் தேதி வரும்வரை குடத்தையும் மூட்டையையும் வேறு கை தூக்கட்டும்.