கைக்கேற்ற தட்டு

மட்டக்களப்பு வாவியின் மண்டூர்த் துறையில், குருமண்வெளியிலிருந்து பாதை என்னும் மிதவைப்படகு வந்து சேருமளவும் பொழுது போக்கும் சிறுவர்கள், ஓட்டுச் சில்லொன்றைக் குனிந்து வீசி, அது வாவியின்மேல் மூன்று நான்கு தரம் தத்திச் செல்வதைக் கண்டு ஆர்ப்பரிப்பதைப் பார்த்தவர்களுக்கு, டிஸ்க் கோல்ஃப் என்னும் விளையாட்டின் மூலதத்துவத்தை விளக்குவது பெரும் பிரயாசையன்று. சுழலாத சில்லு முதல் தத்தலிலேயே புரண்டு மூழ்கும். சுழலும் சில்லோ பம்பரம்போல் தன் நிலை குலையாது ஓடும். எறிதட்டின் இரகசியமும் அதுவே.

ஃபிரெட் மோரிசன் வடிவமைத்த தட்டை 1957 இல் வாம்-ஓ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1975 இல் எட் ஹெட்ரிக் என்பவர் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் இவ்விளையாட்டுக்கென முதலாவது நிரந்தரக் களத்தை அமைத்தார். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக்கூடை. மிகக் குறைந்த எறிகளில் ஆட்டத்தை முடிப்பவரே ஜெயம் பெறுபவர்.

தட்டுகள் மூவகைப்படும். விளிம்பு மழுங்கி, மெதுவாக மிதந்து, நேர்வழியில் செல்வது பட்டர். நடுத்தரத் தூரத்துக்குரியது மிட்ரேஞ்ச். கத்திபோல் கூர்ந்த அகன்ற விளிம்புடன் நெடுந்தூரம் பாய்வது டிரைவர். புதிதாகப் பழகுபவர் கடைக்குச் சென்றதும், தூரத்தின்மேலுள்ள மோகத்தால் டிரைவரையே நாடுவது இயல்பு. ஆயினும் அத்தட்டு தன் குணத்தைக் காட்டுவதற்கு வேண்டிய வேகத்தைப் பழகாத கை கொடுக்க இயலாமையால், அது வானில் எழுந்த சிறிது நேரத்திலேயே ஒருபுறம் சரிந்து நிலத்தில் விழுந்துவிடுகிறது. அதே கை எறிந்த பட்டர் அதைக் கடந்து செல்வதும் உண்டு.

தட்டின் சுபாவத்தை நான்கு எண்களால் குறிப்பது வழக்கம்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் தன்மை, முடிவில் இடப்பக்கம் சாயும் தன்மை. வலக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுசென்று புறங்கை முன்னாக எறிபவரை மனத்திற்கொண்டு சொல்லப்பட்ட திசைகள் இவை. இடக்கையர் இவற்றை மாற்றிக் கொள்க. இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்னும் பட்டருக்கு 2, 3, 0, 1. அந்நிறுவனத்தின் டிஸ்ட்ராயர் என்னும் டிரைவருக்கு 12, 5, −1, 3. முதலெண் 7 ஐத் தாண்டிய தட்டை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம் என்பது என் துணிபு. மூன்றாம் எண் −1 அல்லது −2 ஆகவும் இறுதியெண் சிறியதாகவும் உள்ள தட்டு, மெதுவான எறியையும் நேராக்கி உதவும். விதிகள் 200 கிராமுக்கு மேற்பட்ட தட்டை அனுமதிப்பதில்லை; பழகுபவரின் கைக்கோ 150 முதல் 165 கிராம் வரையிலான இலேசான தட்டு இசைவானது.

வாவியின் மேற்குக் கரையாகிய படுவான்கரையில் பழக விரும்புவோர் வாவியையும் காற்றையும் கருத்திற்கொள்ளுதல் அவசியம். கச்சான் காற்று வீசும் நாளில் அதனை எதிர்த்து எறிந்த தட்டு மேலும் வலப்பக்கம் புரளும். அதற்கு முதுகு காட்டி எறிந்ததோ விரைவில் தாழ்ந்து இடப்பக்கம் சாயும். ஆகவே காற்றடங்கிய காலைப்பொழுதே உத்தமம். பெரும்பாலான தட்டுகள் நீரில் அமிழ்ந்துவிடுவன. எனவே கரையை விட்டு விலகி, அறுவடை முடிந்த வயலில், வரம்புப் புல்லிலும் மறையாத செம்மஞ்சள் நிறத் தட்டைக் கொண்டு பழகுக. கூடை இல்லையே என்று கவலற்க. ஆதியில் இவ்விளையாட்டை ஆடியவர்களும் மரங்களையும் கம்பங்களையுமே இலக்காகக் கொண்டனர். ஆனால் மண்டூரின் பெயரோடு சேர்த்து வழங்கப்படும் தில்லை மரத்தை மட்டும் இலக்காக்கற்க. காயம்பட்டால் அது வடிக்கும் பால் கண்ணுக்குக் கேடு செய்யும்.

ஒரு பட்டரும் ஒரு மிட்ரேஞ்சும் முதலில் வாங்குக. இரண்டும் ஐம்பது மீற்றர் தூரம் கோணாமல் செல்லும் நாளில் மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம்.