யாழினி: ஒரு பெயரின் பொருளும் வரலாறும்

பெயர் என்பது ஒருவரை அழைப்பதற்கு மட்டும் உரியதன்று. ஒரு சமூகத்தின் மொழியுணர்வையும் நினைவையும் தாங்கி நிற்பது. இன்று நம் வகுப்பறைகளில் கேட்கும் ‘யாழினி’ என்னும் பெயர் இதற்கு நல்ல சான்றாகும்.

ஒலிப்பில் பழமை தோன்றினும், ஔவையார், வெள்ளிவீதியார், காக்கைபாடினியார் எனத் தொடரும் சங்கப் பெண்பாற் புலவர் வரிசையில் இப்பெயர் இல்லை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், மக்கட்பெயரும் தமிழாதல் வேண்டும் என்னும் விருப்பத்தை வளர்த்தது. கயல்விழி, தேன்மொழி, யாழினி முதலிய பெயர்கள் பரவ அவ்வுணர்வு துணைநின்றது.

பெயர் புதிது; அதன் வேரோ பழைது. யாழ் என்பது சங்ககாலப் பாணர் இசைத்த நரம்புக்கருவி. சிறிய யாழை இசைத்தோர் சிறுபாணர் எனவும், பெரிய யாழை இசைத்தோர் பெரும்பாணர் எனவும் பெயர் பெற்றனர். பத்துப்பாட்டில் இரு நூல்களின் பெயர்கள் அவர்களால் அமைந்தவை. யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒரு சுரத்திற்கு உரியது. ஒரே தந்தியில் பல சுரங்களை எழுப்பவல்ல வீணை செல்வாக்குப் பெற்றபின் யாழ் வழக்கொழிந்தது. மறைந்த அக்கருவியின் இலக்கணத்தை விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ எனும் பெயரில் வெளியிட்டார்.

இனி, சொல்லமைப்பைக் காண்போம். ‘யாழைப் போல் இனியவள்’ என்று பலர் பொருள் கூறுவர். அப்பொருளுக்கு ‘இனியள்’ அல்லது ‘இனியாள்’ என்று முடிதல் வேண்டும்; ‘இனி’ எனத் தனித்து நிற்பின் ‘இதற்குப் பின்’ என்பதே பொருள். தோழி, விறலி, பாடினி ஆகிய சொற்களில் இகர ஈறு பெண்பாலை உணர்த்துகிறது. அவ்வழியில் யாழினியை யாழ் + இன் + இ எனப் பிரித்து, ‘யாழை உடையவள், யாழ் இசைப்பவள்’ எனப் பொருள் கொள்வதே பொருத்தம். முன்னது அவளை இசைக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறது. பின்னது அவளையே கலைஞராக்குகிறது.

யாழ் இன்று அரங்கில் அரிது. ஆயினும் ஒரு மாணவியை அழைக்குந்தோறும் அச்சொல் ஒலிக்கிறது. உங்கள் பெயரையும் பகுத்துப் பாருங்கள். அதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கக்கூடும்.