உடலைப் பற்றி மூளை வைத்திருக்கும் படம்

கண்களை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொடுமாறு ஒரு மாணவனிடம் கூறினால், அவன் தயக்கமின்றித் தொட்டுவிடுவான். கை எங்கே உள்ளது, அதன் நீளம் எவ்வளவு என்பவற்றை மூளை ஒரு படம்போல் அறிந்துவைத்திருக்கிறது. பிரிட்டனில் பணியாற்றிய ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் இருவர் 1911-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினர். ஒரு பெண்மணியின் உடலுணர்வு அவள் தொப்பியில் செருகிய இறகுவரை பரவக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

இப்படம் ஒருமுறை வரைந்து முடிந்துபோன ஒன்றன்று. கண்ணும் தோலும் தசைகளும் தெரிவிக்கும் செய்திகளைக் கொண்டு மூளை இதனை இடைவிடாது திருத்துகிறது. அமெரிக்காவில் பாட்வினிக், கோஹன் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட பரிசோதனையைப் பள்ளியிலேயே செய்து காட்டலாம். ஒருவருடைய இடக்கையை மறைப்பிற்குப் பின்னே வைத்து, பஞ்சடைத்த இரப்பர்க் கையுறை ஒன்றை அவர் கண்முன் அதே திசையில் வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், தூரிகையால் வருட வேண்டும். சிறிது நேரத்தில், கண்முன் உள்ள கையே தம் கை என்று பலருக்குத் தோன்றும். கண்ணை மூடி இடக்கையைச் சுட்டச் சொன்னால், பொம்மைக் கையின் பக்கமாக விலகிச் சுட்டுவர். தூரிகைகள் முன்பின்னாகப் பட்டால் பிரமை குன்றிவிடும். எல்லா மாணவர்க்கும் இது நிகழாது. நிகழாதவனைக் கவனமற்றவன் என்று கடிந்துகொள்ள வேண்டுவதில்லை.

மெய்நிகர்க் காட்சிச் சாதனம் இந்தப் பிரமையை உடல் முழுமைக்கும் விரிக்கிறது. தலையில் அணியும் இக்கருவி கண்ணுக்கொன்றாக இரு படங்களைக் காட்டும். தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். குனிந்து பார்ப்பவருக்குத் தம் உடலுக்குப் பதிலாகக் கணிப்பொறி வரைந்த உடல் தென்படும். அது அவரோடு சேர்ந்து அசையும். பார்ஸிலோனா ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களுக்கு நான்கு வயதுக் குழந்தையின் உடலை இவ்வாறு அளித்தனர். காட்டிய பொருள்களை அவர்கள் உண்மையினும் பெரியனவாக மதிப்பிட்டனர். உயரம் குறைந்ததே காரணம் எனலாமோ? அதே உயரத்திற்குச் சுருக்கிய பெரியவரின் உடலைப் பெற்றபோது பிழை அவ்வளவு இல்லை. உடலின் அசைவு தம் அசைவோடு ஒவ்வாதபோதோ, இரண்டிற்கும் இடையிலிருந்த வேறுபாடே மறைந்தது.

கை துண்டிக்கப்பட்ட ஒருவர், இல்லாத கையின் விரல்கள் இறுகி வலிப்பதாகக் கூறுவதைக் களப்பணியாளர் கேட்க நேரிடும். அது பொய்யன்று, மனநோயுமன்று. கை போயிற்று, படம் போகவில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், 1990-களில் கலிபோர்னியாவில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றச் செய்தார். நல்ல கையை விரித்தபோது, இறுகிய விரல்களும் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தனர், வலியும் தணிந்தது. சிலருக்குப் பயனில்லை. ஆயினும் செலவு ஒரு கண்ணாடியின் விலைதான்.

தண்டுவடம் சிதைந்து 3 முதல் 13 ஆண்டுகள் வரை கால்கள் செயலற்றிருந்த எண்மருக்கு பிரேசிலில் அளித்த பயிற்சியின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. மூளையின் மின்அலைகளால் மெய்நிகர் உருவமொன்றை நடத்திப் பழகினர். அதன் பாதம் தரையில் படும் உணர்ச்சி அவர்களுடைய முன்கையில் அதிர்வாக அளிக்கப்பட்டது. பின்னர் இயந்திரக் கால்களும் சேர்ந்தன. 12 மாதங்களில் எண்மரும் ஓரளவு உணர்ச்சியையும் தசையியக்கத்தையும் மீளப் பெற்றனர். நால்வர் முழுச் செயலிழப்பு என்னும் வகையிலிருந்து பகுதிச் செயலிழப்பு என்னும் வகைக்கு மாற்றப்பட்டனர். இப்பெருமை முழுவதையும் காட்சிக் கருவிக்கே சூட்டுதல் தகாது. ஒப்பிட வேறு குழு இல்லை. கடுமையான உடற்பயிற்சியும் உடனிருந்தது. ஆய்வை நடத்தியோர் தெரிவித்த ஒன்று கருதத்தக்கது: நடப்பதாக நினைக்கச் சொன்னபோது, தொடக்கத்தில் நோயாளிகளின் மூளையில் கால்களுக்குரிய இயக்கம் ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது, பயிற்சியின்போது அது மீண்டும் தோன்றியது.