சேமநிதியில் மனைவிக்குப் பங்குண்டா?



கணவன் மனைவி பிரிவதைப் பற்றிப் பேச நம் குடும்பங்கள் தயங்குவது இயல்பே. ஆயினும் பிரிவு வந்துவிட்டால், "சேமநிதிக் கணக்கு அவர் பெயரில்தானே இருக்கிறது, எனக்கு அதில் என்ன உரிமை?" என்று தைப்பிங் வட்டாரத்துத் தோட்டப் பெண்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று விடை காண்போம்.

ஊழியர் சேமநிதி 1951-இல் தொடங்கியது. இன்று 60 வயதுக்கு உட்பட்ட தொழிலாளியின் சம்பளத்தில் 100 வெள்ளிக்கு 11 வெள்ளி சந்தாவாகப் பிடிக்கப்படுகிறது. சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவருக்கு முதலாளி 13 வெள்ளி கட்டுகிறார். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே பால்மரம் வெட்டிய பல குடும்பங்களுக்கு முதுமைக்கென உள்ள ஒரே சொத்து இந்தச் சேமநிதிதான்.

முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்கு, 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் நடக்கிறது. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, சொத்தைப் பிரிக்கும்போது பணம் சம்பாதித்தவரின் உழைப்போடு, வீட்டைப் பார்த்துக்கொண்டு பிள்ளைகளை வளர்த்தவரின் உழைப்பையும் நீதிமன்றம் கவனிக்க வேண்டும். எத்தனை ஆண்டு வாழ்ந்தார்கள், கடன் எவ்வளவு, சிறு பிள்ளைகளின் தேவை என்ன என்பனவும் பார்க்கப்படும். இவற்றைப் பார்த்தபின் சரிபாதியை நோக்கியே நீதிமன்றம் சாய வேண்டும். திருமண காலத்தில் சேர்ந்த சேமநிதியும் இந்தக் கணக்கில் வரக்கூடியதே. மனைவியும் வேலை செய்திருந்தால் அவருடைய சேமநிதியும் அப்படியே.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கணக்கிலுள்ள பணத்தை வேறொருவருக்கு மாற்றவோ, கடனுக்காகப் பறிமுதல் செய்யவோ சேமநிதிச் சட்டம் இடம் தருவதில்லை. சிங்கப்பூரில் நீதிமன்ற ஆணையின்படி ஒருவர் சேமநிதியிலிருந்து மற்றவர் கணக்குக்கே மாற்ற முடியும். இங்கே, தீர்ப்பைக் கொண்டுபோய் சேமநிதி அலுவலகத்தில் நீட்டி, பாதியைத் தாருங்கள் என்று கேட்க முடியாது.

பிறகு எப்படித்தான் பங்கு கிடைக்கும்? ஒரு கணக்கைப் பாருங்கள். கணவர் சேமநிதி 60,000 வெள்ளி. மனைவி சேமநிதி 20,000. கடன் தீர்ந்த வீடு 80,000. மொத்தம் 160,000, பாதி 80,000. அவரவர் சேமநிதி அவரவரிடமே இருக்கட்டும். வீட்டின் மதிப்பில் மனைவிக்கு 60,000-மும் கணவருக்கு 20,000-மும் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். எல்லா வழக்கும் சரிபாதியில் முடியும் என்று இதற்குப் பொருளில்லை. வீடு இல்லாதவர்கள், இவ்வளவு பணம் இன்ன தேதிக்குள் தர வேண்டும் என்று ஆணை கேட்கலாம். இருவரும் ஒத்துப் பிரிந்தால், அந்த ஒப்பந்தத்தை நீதிமன்ற ஆணையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு போதாது.

ஆகவே தாய்மார்களே, மனுவில் சேமநிதியைக் குறிப்பிடாமல் விட்டுவிடாதீர்கள். கணக்கு அறிக்கையை நீதிமன்றத்தில் காட்டும்படி வழக்கறிஞர் மூலம் கேளுங்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையை நாடலாம்.

இன்னும் இரண்டு செய்திகள். 1982 மார்ச் 1-ஆம் தேதிக்கு முன் வழக்கப்படி நடந்த திருமணம் பதிவானதாகவே கருதப்படும். அதற்குப் பின் கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது, பதிவு வேண்டும். பதிவு இல்லையென்றால் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்பது மிகவும் கடினம்.

அடுத்தது, சேமநிதியில் எழுதிக்கொடுத்த வாரிசுப் பெயர். மணவிலக்கு ஆனதும் அது தானாக மாறாது. மாற்றாமல் ஒருவர் இறந்துபோனால், பழைய பெயருக்கு உரியவருக்கே பணம் போகும்; பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க நேரும். கணவராயினும் மனைவியாயினும், தீர்ப்பு கிடைத்தவுடன் சேமநிதி அலுவலகத்துக்குப் போய் அந்தப் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.

குடும்பம் பிரியாமல் வாழ்வதே நம் விருப்பம். பிரிய நேர்ந்தாலும், இருவர் உழைப்பில் சேர்ந்தது இருவர் முதுமைக்கும் உதவ வேண்டும்.