ஆயிரம் பொற்காசு

ஆடி பிறந்துவிட்டால், தாம்பரம், சேலையூர், பல்லாவரம் முதலிய தென்புறநகர்களில் அம்மன் கோவில்கள் விழாக்கோலம் பூண, கூழ் வார்க்கும் வேளையில், ஒலிபெருக்கியின் பக்திப் பாடல்களுக்கிடையே, பாண்டியனின் ஆயிரம் பொற்காசுக்காகப் புலம்பும் ஓர் ஏழைப் புலவனின் குரலும் நெடுங்காலம் ஒலித்துவந்தது. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' திரைப்பட வசனம் அது. படம் வெளிவந்ததும் 1965 ஜூலை 31-ஆம் தேதி, ஆடி மாதத்திலேதான்.

கே.வி. மகாதேவனின் சங்கீதம் பிரவாகமாய் ஓடும் அச்சித்திரத்தில் ஹாஸ்யரசத்துக்கு ஊற்றுக்கண்ணாய் இருப்பது பரிசுப்பணம். கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற மன்னனின் சந்தேகம் பண்டிதர்களின் விவகாரம். அதைத் தீர்ப்பவனுக்கு ஆயிரம் பொன் என்ற அறிவிப்போ, பசித்தவன் வீட்டு விவகாரம். சிவபெருமான் எழுதித் தந்த பாட்டைச் சபையில் வாசித்து, குற்றம் இருப்பதாக அவைப் புலவர் நக்கீரர் சொன்னவுடன், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொள்ளலாமே என்று அந்த ஏழைப் புலவன் தருமி வேண்டும் இடத்தில், நாகேஷின் நடிப்பு உச்சத்தைத் தொடுகிறது. தாம்பரம் சண்முகம் சாலையில் கத்தரிக்காயில் சொத்தையைக் காட்டி விலை குறைப்பவள் வாங்குபவள். இங்கே விற்பவனே சொத்தையை ஒப்புக்கொண்டு விலையை இறக்குகிறான். முன்னாளில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த நாகேஷுக்கும், 1931 முதல் மின்சார ரயிலில் கடற்கரைக்குப் போய்வந்து மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் இப்பகுதி ஜனங்களுக்கும், அந்தப் பேரத்தின் சோகம் புரியாததல்ல; புரிவதனாலேயே சிரிப்பும் வருகிறது.

பரிசுப்பணத்தை வைத்துச் சிரிக்கவைக்கும் இந்த உபாயம் பிற தேசத்துக் கதைகளிலும் பலிப்பதுண்டு. 2003-இல் வந்த 'ஸ்கூல் ஆஃப் ராக்' என்ற அமெரிக்கப் படத்தில், வாடகைக்கு வழியில்லாத பாட்டுக்காரன் நண்பனின் பெயரில் ஆசிரியனாகப் புகுந்து, பரிசுப்பணத்தை நாடிப் பிள்ளைகளை வாத்தியக்குழுவாக்குகிறான். பரிசு கைநழுவினாலும், பிள்ளைகளுக்குச் சங்கீதம் வசமாகிவிடுகிறது.

நாகராஜனின் படத்திலோ, ஆசைக்கு இரண்டு அளவுகள் காட்டப்படுகின்றன. டி.எஸ். பாலையா நடித்த ஹேமநாத பாகவதர், பாலமுரளிகிருஷ்ணாவின் கம்பீரமான குரலில் பாடிச் சபையை அயரவைத்து, தம்மை வெல்வார் இல்லையேல் பாண்டிய நாடே தம் இசைக்கு அடிமை என்று பந்தயம் கூறுகிறார். விறகுவெட்டியாய் வந்த இறைவன் திண்ணையில் பாடியதைக் கேட்ட மாத்திரத்தில், நாட்டையே கேட்ட அந்த வித்வான் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகிறார்.

ஆயிரம் கேட்ட தருமியோ வெறுங்கையோடு போகவில்லை. சிவனின் நெற்றிக்கண் திறந்து, நக்கீரர் வெந்து மீண்ட அத்தனை அமர்க்களம் இருந்தும், 64 திருவிளையாடல்களைப் பாடிய பரஞ்சோதி முனிவர் இக்கதையின் முற்பகுதிக்கு வைத்த பெயர் 'தருமிக்குப் பொற்கிழி அளித்த படலம்' என்பதே. கவிதையில் குற்றம் உண்டா இல்லையா என்ற வழக்கைப் புலவர்களுக்கு விட்டுவிட்டு, ஏழையின் கைக்குப் பணம் வந்து சேர்ந்ததை அவர் தலைப்பிலேயே எழுதி வைத்தார்.